வீடு தேடிப் போகும் சபை

திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவக் கிராமங்களில் தொண்டுக்கான முதல் வரவு அடுப்பங்கரையில் சேர்கிறது. உலையில் போட அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப அள்ளி, தனிப் பானையிலோ தகர டப்பாவிலோ போட்டுவைப்பது அங்கு நெடுநாள் வழக்கம். வார இறுதியில் அது ஆலயத்துக்குப் போகும். சில ஊர்களில் பெண்கள் சங்கத்தார் வீடுவீடாக வந்து வாங்கிப்போவார்கள். சேர்ந்த அரிசி இல்லாதவர் வீட்டுக்கும் போகலாம், ஏலம் விட்டுப் பணமாகி ஊழியத்துக்கும் போகலாம். இதற்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே வழக்கத்தை விடாமல் நடத்திவருகிறார்கள்; அங்கே ஒரு மாநிலத்துச் சபையின் வருமானத்தில் அது கணிசமான பங்காக வளர்ந்துவிட்டது.

இந்தக் காணிக்கையின் சிறப்பு அதன் அளவில் இல்லை. அன்றாடம் அடுப்பெரியும் எந்த வீடும் இதில் பங்குகொள்ளலாம் என்பதே சிறப்பு. ரொக்கத்தை ஆண்கள் வைத்திருந்த காலத்தில் பெண்களின் கையில் இருந்தது அரிசிதான். எனவே சபையில் பெண்கள் தாமாகச் சேர்த்து, தாமாக முடிவெடுத்துச் செலவிட்ட முதல் நிதி என்று இதைச் சொல்லலாம். கொடுத்தவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. வாங்குகிறவரும் முந்தின மாதம்வரை ஒரு கைப்பிடி போட்டவராகவே இருப்பார். கொடுப்பவர் ஒரு கூட்டம், பெறுபவர் வேறொரு கூட்டம் என்ற பிரிவு அங்கே கிடையாது. ஒரு சபையின் அறப்பணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை.

தென் மாவட்டங்களில் இந்தத் தொண்டு தொடங்கிய விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மராத்தியப் பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவரைச் சுற்றிப் பாளையங்கோட்டையில் கூடிய சிறு கூட்டமே திருநெல்வேலியின் முதல் சீர்திருத்தச் சபை. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். ஒரே சாதியார் அல்லர், பல சாதியார். 1785இல் அவர் முயற்சியில் எழுந்த சிற்றாலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். 1780இன் அந்தப் பெயர்ப் பட்டியலே அந்தச் சபையின் முதல் ஆவணம். யார் யார் நம்மவர், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று ஒரு சபை அறிந்திருப்பதுதான் பின்னால் வந்த எல்லாத் தொண்டுக்கும் அடிப்படை.

அடுத்த தலைமுறையில் பனங்காட்டு மக்கள் பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது சோறும் துணியும் அல்ல, குடியிருக்க இடம். மதம் மாறியவர்களை நிலக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் மனையிலிருந்து விரட்டினார்கள். ஆலயங்களை இடித்தார்கள், தீவைத்தார்கள். 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று, விலைக்கு வாங்கிய நிலத்தில் விரட்டப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றியபோது முதலூர் பிறந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதையே ஓர் அமைப்பாக்கினார். அவர் காலத்தில் ஏற்பட்ட தர்ம சங்கம், திரட்டிய பணத்தில் நிலம் வாங்கி, ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுமனையாகக் கொடுத்தது. பள்ளிக்கும் ஆலயத்துக்கும் இடம் ஒதுக்கியது. பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய உதவியால் உருவான ஊர் அவர் பெயராலேயே டோனாவூர் ஆயிற்று.

இதைத் தருமம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியாகாது. யாரும் எழுப்பிவிட முடியாத ஒரு மனை கிடைத்த பிறகுதான் பனையேறியின் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். உபதேசியார்கள் இறந்தால் அவர்களுடைய மனைவிமாருக்கு உதவக் கைம்பெண் நிதியும் ஏற்படுத்தினார்கள். உயரமான மரத்தில் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் தொழிலைச் செய்த சமூகம் அது. குடும்பத் தலைவன் தவறி விழுந்தால் வீடு அன்றே நிலைகுலையும் என்பது அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். தொண்டு அந்த அறிவிலிருந்து வந்தது.

அதன் கடுமையான சோதனை 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் வந்தது. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லும் பாளையங்கோட்டையில் மிஷனரி சார்ஜென்ட்டும் நிவாரணப் பணியை நடத்தினார்கள். இருவரும் 1877 மார்ச்சில்தான் உதவிப் பேராயர்களாகியிருந்தார்கள். கஞ்சித் தொட்டிகள் வைக்கப்பட்டன, அநாதைப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் அவர்களில் ஒரு பகுதியினர் விலகிப்போனார்கள். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற பழி அப்போது எழுந்தது. அது இன்றுவரை திருச்சபைகளைத் தொடர்கிறது.

அந்தப் பழியை முழுதாக ஏற்பதற்கில்லை. பசித்தவனைக் காப்பாற்றியவரிடம் நம்பிக்கை வைப்பது மனித இயல்பு. அதைக் கீழ்மை என்று சொல்ல வயிறு நிறைந்தவர்க்கு உரிமையில்லை. ஆனால் அந்த அனுபவம் கற்றுத்தரும் ஒன்றை மறுப்பதற்கும் இல்லை. உதவியோடு வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் உதவியின் மதிப்பு குறைகிறது, நம்பிக்கையின் மதிப்பும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அரசே அதை விலக்கிக்கொண்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்துச் சீட்டோடு துண்டுப் பிரசுரத்தை நீட்டுவது பெறுபவரின் இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்வதுதான். நிபந்தனையின்றிக் கொடுப்பதே சரி என்று சபைகளுக்குள்ளேயே பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை எழுதப்பட்ட விதியாக்கிக்கொள்வது எல்லாச் சபைக்கும் நல்லது.

பஞ்சத்துக்குப் பிறகு நிறுவனங்களின் காலம் வந்தது. நாசரேத்தில் 1870இல் மருத்துவரான ஸ்டிராக்கன் ஐயர் தொடங்கிய ஆஸ்பத்திரியை, 1876இல் அங்கு வந்து 1908இல் இறக்கும்வரை உழைத்த மர்காஷிஸ் வளர்த்தார். அநாதை இல்லமும் தொழிற்பள்ளியும் அவர் காலத்தில் நிலைபெற்றன. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், அதே பத்தாண்டில் சுவைன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல், கோயில்களுக்கு விடப்பட இருந்த சிறுமிகளை வளர்க்கத் தொடங்கி, 1951இல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. இந்த நிறுவனங்கள் செய்ததைத் தனிச் சபை எதுவும் செய்திருக்க முடியாது. கண் தெரியாத பிள்ளையை மூலையில் உட்காரவைத்த வீடுகள், அதைப் படிக்கவைக்கலாம் என்று அறிந்ததே இவர்களால்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நோயாளி என்றால் மிஷன் ஆஸ்பத்திரி, அநாதை என்றால் விடுதி, முடியாதவர் என்றால் இல்லம் என்று அனுப்பிவைக்கும் பழக்கம் சபைகளில் படிந்தது. சபையாருக்கு மிஞ்சிய வேலை காணிக்கை கொடுப்பது மட்டும். அடுத்த தெருவில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது ஐயரின் வேலை, பைபிள் அம்மாவின் வேலை, சம்பளம் வாங்கும் சபை ஊழியரின் வேலை என்றாகிவிட்டது. இன்றைய சபைகளின் தொண்டில் தெரியும் பலவீனங்களில் பெரும்பாலானவை இந்த இடமாற்றத்திலிருந்து வந்தவை.

உள்ளூர்ப் பணமும் உள்ளூர் ஆளும் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சான்று உண்டு. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவானது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் முன்னணியில் இருந்தார். வெளிநாட்டுக் காசு வாங்காமல், திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆங்கிலேய மிஷனின் தயவில் இருந்ததாகக் கருதப்பட்ட சபைகள், பத்தாண்டுக்குள் தம் ஊர்க்காரரான அசரியாவை அங்கே பேராயராகவும் கண்டன. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கைப்பிடி அரிசியும் ஓரணாக் காணிக்கையும் அந்த வேலையைத் தாங்கின.

இன்றைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்து ஒரு சேகரம், பல சேகரங்கள் சேர்ந்து ஒரு திருமண்டலம். சேகர குருவும் கமிட்டியும் பணத்தை நிர்வகிப்பார்கள். தொண்டு வேலையில் பெரும்பகுதி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தோளில். அடுத்தது வாலிபர் சங்கம். கத்தோலிக்கரிடம் பங்கு, அதற்குள் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்கள். தெருவளவில் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அமைப்பு என்பதால் அன்பியம் தொண்டுக்கு மிக ஏற்றது. பல பங்குகளில் அது ஜெபக் கூட்டத்தோடு நின்றுவிடுவது வருத்தமானது.

செய்முறையில் மிகத் தேர்ந்தது என்று புனித வின்சென்ட் தே பவுல் சபையின் வழியைச் சொல்ல வேண்டும். 1833இல் பாரிசில், இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசனாம் சில தோழர்களோடு தொடங்கியது அது. ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரீதான் ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அந்த மாணவர்களுக்குப் பழக்கினார். உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், அடுத்த கூட்டத்தில் அந்த வீட்டின் நிலையைச் சொல்லி, என்ன செய்வது என்று கலந்து முடிவெடுப்பார்கள். தமிழகப் பங்குகள் பலவற்றில் வயதான ஆண்களும் பெண்களும் இதைச் சத்தமில்லாமல் நடத்திவருகிறார்கள். இருவராகப் போவதில் பாதுகாப்பும் உண்டு, பொறுப்பும் உண்டு. தொடர்ந்து போவதால், கேட்க வெட்கப்படும் குடும்பம் மூன்றாம் மாதத்திலாவது வாய் திறக்கும். ஒரு நாள் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சொல் கிடைப்பதில்லை.

ஊரே அறிந்த தொண்டு அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையிலோ கோயில் திருவிழாவிலோ பெரும் அண்டாக்களில் சோறும் குழம்பும் சமைத்து, வந்தவர் எல்லோருக்கும் பரிமாறுவார்கள். சாதி, மதம் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் முதியவருக்குத் தூக்குவாளியில் வாங்கிப்போவோரும் உண்டு. காய் நறுக்குவதிலிருந்து இலை எடுப்பதுவரை எல்லாம் ஊரார் கைவேலை. சென்னையிலும் மும்பையிலும் நல்ல பதவியில் இருப்பவர்கூட அன்று வாளி தூக்குவார். அறுப்பின் பண்டிகையில் தேங்காய், பூசணி, கோழி, முதல் விளைச்சல் எல்லாம் ஏலத்துக்கு வரும். பூசணிக்காய்க்கு அதன் விலையைப் போலப் பத்து மடங்கு கொடுத்து எடுப்பது பெருமை. இந்த ஏலப் பணத்தில் எத்தனை பங்கு ஏழைகளுக்குப் போகிறது, எத்தனை பங்கு கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது என்பது ஒவ்வொரு சபையும் கணக்குப் பார்க்க வேண்டிய கேள்வி.

பேரிடர்க் காலங்களில் சபைகளின் பலம் முழுதாக வெளிப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்தபோது குளச்சல், மணக்குடி தொடங்கி நாகப்பட்டினம்வரை ஆலயங்களும் பள்ளிக் கட்டடங்களும் அடைக்கலமாயின. உடல்களை எடுத்தவர்களும் குழி தோண்டியவர்களும் அந்தந்த ஊர் இளைஞர்கள்தாம். பரங்கிப்பேட்டையில் அதே நாட்களில் ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவு சமைத்துத் தந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பண்பு ஒரு மதத்துக்கு மட்டும் உரியதல்ல.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது நடந்தது தனியே எழுதத் தக்கது. குமரி மேற்குக் கடற்கரையில் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பவில்லை. எத்தனை பேர் காணாமற்போனார்கள் என்பதில் அரசின் கணக்கும் ஊரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. பங்குகள் வீடுவீடாகக் கேட்டுத் தயாரித்த பட்டியல்தான் உண்மைக்கு நெருங்கியதாக இருந்தது. எந்தப் படகில் யார் போனார், அவர் மனைவி யார், பிள்ளைகள் எத்தனை என்பது பங்குத்தந்தைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் தெரியும். மீனவர்கள் தாமே படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்கும்வரை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துப் போராடியதும் ஊர்கள்தாம். 1780இன் நாற்பது பேர் பதிவேட்டைப் போன்ற எளிய ஆவணம் ஒன்று, கடலில் காணாமற்போன தொழிலாளியை அரசின் கண்ணுக்குத் தெரியவைத்தது. நிவாரணப் பொருளை யாரும் கொண்டுவரலாம். இந்த அறிவை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

மறு ஆண்டு, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது திருவனந்தபுரம் கடற்கரைப் பங்குகளின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு மாவட்டங்களுக்குப் போனார்கள். ஆலயங்கள் வழியாகப் போன அழைப்பு ஓரிரவில் ஆட்களைத் திரட்டியது. தமக்குத் தெரிந்த தொழிலையே தொண்டாகக் கொடுத்ததுதான் அவர்கள் வெற்றிக்குக் காரணம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் சூழ்ந்தபோது, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தார் சமைத்துப் போட்டார்கள். மேட்டில் இருந்த ஆலயங்களும் மண்டபங்களும் பள்ளிவாசல்களும் திறந்துவிடப்பட்டன. அண்டாவும் அடுப்பும் வரிசையில் நின்று பரிமாறும் பழக்கமும் ஊரில் ஏற்கனவே இருந்ததால்தான் இது சில மணி நேரத்தில் முடிந்தது. ஆண்டுதோறும் நடக்கும் அசனத்தையும் ஊர்ச் சாப்பாட்டையும் வீண்செலவு என்று சொல்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

பேரிடர் எப்போதோ வருவது. அன்றாடத் தேவை மாறிவிட்டது. தென் மாவட்டக் கிராமங்களில் இன்று கூரையில்லாத வீடு குறைவு. பூட்டிய வீடு அதிகம். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட, எழுபது எண்பது வயதில் தனியாக இருப்பவர்களுக்குப் பணம் வந்துவிடுகிறது. ஆனால் மருந்து வாங்கித்தரவும், வங்கிக்குக் கூட்டிப்போகவும், கீழே விழுந்தால் தூக்கவும் ஆள் இல்லை. இவர்களில் பலர் ஆலயத்துக்கு நிறையக் காணிக்கை கொடுப்பவர்கள். ஏழைகள் பட்டியலில் வரமாட்டார்கள். சபையின் தொண்டு இன்னும் அரிசி, வேட்டி, சேலை என்ற பழைய வரிசையிலேயே நிற்பதால் இவர்கள் கணக்கில் விழுவதில்லை. வாரம் இரண்டு முறை கதவைத் தட்டும் ஒரு ஆள் இவர்களுக்கு வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, நேரம்தான். சபைகளில் இன்று மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுதான்.

பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் இன்னொரு தேவை இருக்கிறது. உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு உண்டு; கூட வந்தவருக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர் எந்தக் கட்டடத்தில் ஸ்கேன், எந்த ஜன்னலில் சீட்டு என்று தெரியாமல் அலைவார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்று சொல்லக்கூட ஆள் இராது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் குழுக்கள் பல சபைகளில் உண்டு, நல்ல காரியம். அதோடு ஓய்வுபெற்ற ஆசிரியரோ செவிலியரோ ஒருவர் காலை வேளையில் அங்கே நின்று வழிகாட்டினால் பலன் பல மடங்கு. சபைகளில் இவர்கள் நிறைய இருக்கிறார்கள். மிஷன் பள்ளிகளும் செவிலியர் கல்லூரிகளும் மூன்று தலைமுறையாக உருவாக்கியவர்கள் இவர்கள். ஓய்வுக்குப் பிறகு இவர்களிடம் பாட்டுக் குழுவில் சேரச் சொல்லுகிற சபை, இந்த அறிவைக் கேட்டு வாங்குவதில்லை.

கல்வி உதவியில் சபைகள் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. அதற்குள்ளும் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமைகள் கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரே தெருவில், ஒரே கூலி வேலை செய்யும் இரு குடும்பங்களில் ஒன்றுக்குக் கிடைக்கும் கல்வி உதவி மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். அந்த இடைவெளியை நிரப்பும் கடமை முதலில் திருச்சபைக்கே உரியது. ஆனால் சபை உதவித்தொகையைப் பெறுவோர் பட்டியலில் அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், பல இடங்களில் பதில் சொல்லச் சங்கடப்படுவார்கள்.

சபைத் தொண்டின் மிகப் பெரிய தடை சாதிதான். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம், இரு சாதியார் தனித்தனியே உட்காரும்படி இரண்டு கிளைகளாக, நடுவே சுவரோடு அமைந்தது; அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் தேர் போகும் தெருவிலும் அந்தச் சுவரின் மிச்சம் இன்றும் பல ஊர்களில் நிற்கிறது. மற்ற மதத்தாருக்குத் தாராளமாக உதவும் சபை, தன் சேகரத்துக்குள்ளேயே காலனியில் இருக்கும் கிளைச் சபையை வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் கேக்கோடு மட்டும் நினைப்பது உண்டு. கொடுப்பதில் காட்டும் தாராளத்தைக் கமிட்டியில் இடம் கொடுப்பதில் காட்டாதவரை அது தொண்டாகாது. யாருக்குத் தேவை என்பதை முடிவுசெய்யும் மேசையில் அந்தத் தெருவார் உட்கார வேண்டும். நல்ல சமாரியன் கதையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் மேடைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், ஒரு அமைப்பு பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. தலைமை அலுவலகம் வழியாகச் சிறு இல்லங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அதனால் பல இடங்களில் நின்றது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 குழந்தைகள் இல்லங்களுக்குப் பதிவையும் ஆய்வையும் கட்டாயமாக்கியது. அது தேவையான சட்டம். பிள்ளைகளைப் பராமரிப்பது நல்ல மனத்தோடு முடிந்துவிடும் காரியமல்ல. யார் உள்ளே வருகிறார், யார் பொறுப்பு என்ற கட்டுப்பாடு வேண்டும். தொண்டர்களுக்கும் அது பொருந்தும். இந்த மாற்றங்களால் உள்ளூர்ப் பணத்தையும் உள்ளூர் ஆளையும் நம்ப வேண்டிய நிலைக்குச் சபைகள் திரும்ப வந்திருக்கின்றன. இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 1903இல் இன்றைவிட எவ்வளவோ ஏழையாக இருந்த சபைகள் அதைச் செய்துகாட்டியவை.

ஆனால் உள்ளூர்ப் பணம் வர வேண்டுமானால் கணக்கு வெளியே தெரிய வேண்டும். ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பில் காணிக்கை வரவைப் படிப்பதுபோல, ஏழைகள் நிதியின் செலவையும் மாதாமாதம் படிக்கலாம். பெற்றவர் பெயர் வேண்டாம், எத்தனை குடும்பம், எதற்காக, எவ்வளவு என்று சொன்னால் போதும். திருமண்டலத் தேர்தல்களில் அணி சேர்ந்து செலவிடும் உழைப்பிலும், அதைத் தொடர்ந்து நீதிமன்றங்களில் கரையும் காசிலும் சிறு பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலே பெரிய மாற்றம் தெரியும். தேர்தல் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போக ஆள் கிடைக்கிறது, நோயாளியைப் பார்க்கக் கிடைப்பதில்லை என்ற வருத்தம் மூத்த சபையாரிடம் பரவலாக உண்டு.

கொடுக்கும் விதமும் திருந்த வேண்டும். மேடை போட்டு, வரிசையில் நிற்கவைத்து, சேலையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்க்க ஒரு படம் எடுப்பது இப்போது எங்கும் பரவிவிட்டது. கைம்பெண் ஒருத்தி நானூறு ரூபாய்ச் சேலைக்காகத் தன் வறுமையை ஊரறியப் படம் எடுக்கக் கொடுக்கிறாள். அந்தப் படம் அவள் மகள் படிக்கும் கல்லூரித் தோழிகளின் கைப்பேசிக்கும் போய்ச் சேர்கிறது. நன்கொடையாளருக்குச் சான்று வேண்டுமென்றால் ரசீதும் கையெழுத்தும் போதும். இருட்டிய பிறகு அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்த பாட்டிமார்கள் இருந்த ஊர்களில் இந்தப் படக் கலாசாரம் நுழைந்திருப்பது வேதனைக்குரியது. பெரியவர்கள் இதை வெளிப்படையாகக் கண்டித்து நிறுத்த வேண்டும்.

கடைசியாக, ஆட்களைப் பற்றி. பெண்கள் சங்கத்தின் சராசரி வயது கூடிக்கொண்டே போகிறது. வாலிபர் சங்கத்தில் பெயர் இருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூரில். ஆகவே ஒரு சபை தனியாக எல்லாம் செய்ய முயல்வது வீண். பக்கத்துப் பங்கும் சேகரமும் பெந்தெகொஸ்தே சபையும் தெருக்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஊர்க் கோயில் கமிட்டியோடும் ஜமாஅத்தோடும் வெள்ளத்துக்கும் மருத்துவ அவசரத்துக்கும் முன்கூட்டியே பேசிவைக்கலாம். வெளியூரில் இருக்கும் இளைஞர்கள் பணம் அனுப்புவதோடு, தொலைபேசியில் வாரம் ஒரு முதியவரை அழைத்துப் பேசும் பொறுப்பை ஏற்கலாம். மருத்துவமனை முன்பதிவு, ஓய்வூதிய விண்ணப்பம், பட்டா மாற்றம் போன்ற இணைய வேலைகளை அங்கிருந்தே முடித்துக் கொடுக்கலாம். நூற்றைம்பது குடும்பங்கள் உள்ள சேகரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தனியாக இருப்பவர், நீண்ட நோயாளி, படிப்பு நின்ற பிள்ளை, கடனில் சிக்கியவர் என்று சபை வேறுபாடின்றித் தெருத் தெருவாக எழுதினால் முப்பது நாற்பது பெயர்கள் தேறும். இரண்டு பேர் கொண்ட பத்துக் குழுக்கள், குழுவுக்கு நான்கு வீடு. மாதம் ஒருமுறை அந்த நோட்டைத் திறந்துவைத்துப் பேசும் கூட்டத்துக்குக் குருவானவரும் கமிட்டியாரும் தவறாமல் வந்து உட்கார வேண்டும்.